ஆயிரத்து நூற்று நாற்பத்தேழாவது பெயர்

பயப்படாதீர்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யன்னல் பக்கத்து இருக்கை என்னுடையது, சற்று எழும்பினால் உள்ளே போய்விடுவேன் என்றுதான் சொன்னேன்.

என் குரலைக் கேட்டால் எல்லோரும் இப்படித்தான் திடுக்கிடுகிறார்கள். போன மாதம் கொழும்பில், வெள்ளவத்தைச் சந்தையில் அரைக் கிலோ கத்தரிக்காய் கேட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, ஆருக்கு?" என்றார். எனக்குத்தான், குழம்புக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஆம், அதே குரல்தான். நீலா நினைவு. இருபத்து நான்கு மணி நேரமும் மரண அறிவித்தல் மட்டுமே ஒளிபரப்பும் அலைவரிசை. அதில் வாசிப்பது நான். நான் என்றால், நான் அல்ல. அதைத்தான் சொல்ல வருகிறேன். இங்கே உங்களோடு கதைத்துக்கொண்டிருக்கும் இதே நேரத்தில், அங்கே யாரோ ஒருவருடைய மருமக்களை நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? வாழைச்சேனையா? நல்லது, நானும் அங்கேதான். பஸ் போய்ச் சேர இன்னும் ஆறேழு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் நான் ஒன்றை முடிவு செய்யவேண்டும். ஒரு சாவீட்டுக்குப் போகிறேன். என்னோடு வேலை செய்தவர். அங்கே அவருடைய தாய், எண்பத்தொரு வயது, தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு குரலுக்காகக் காத்திருக்கிறார். அந்தக் குரல் இனி வராது என்று நான் போய்ச் சொல்லவேண்டும். ஏன் வராது என்பதையும் சொல்லவேண்டுமா என்பதுதான் கேள்வி.

ஒழுங்காகச் சொல்கிறேன். ஒழுங்கில்லாமல் சொல்ல எனக்கு வராது.

என் பெயர் சபாநாதன். ஊர் யாழ்ப்பாணத்து அளவெட்டி. அரசாங்கத் தொலைக்காட்சியான தேசியக் காட்சிச் சபையில் தமிழ்ப் பிரிவின் தலைவனாக இருந்தேன். பிரிவு என்றால் மூன்று பேர், ஒரு மேசை விசிறி. செய்தி நான் வாசிப்பேன். மரண அறிவித்தல் சந்திரமலர் வாசிப்பார். பகல் ஒன்று ஐம்பதுக்கு, பத்து நிமிடம். மூன்றாவது ஆள் ஒலிப்பதிவாளர் லயனல். நல்ல காது, ஆனால் ஒரு சொல் தமிழ் தெரியாது. அதை ஒரு வசதியாகவே நினைத்தேன். வாதாடமாட்டார்.

சந்திரமலர் வாதாடுவார். மட்டக்களப்புக்காரர். தப்பாக நினைக்காதீர்கள், நீங்களும் அந்தப் பக்கம். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. அறிவித்தல் தாள் வந்தவுடன், அதிலுள்ள தொலைபேசி எண்ணுக்கு எடுப்பார். சாவீட்டுக்கு. ஒருநாளும் விட்டதில்லை, பதினேழு வருடம்.

"ஹலோ, காட்சிச் சபையில இருந்து கதைக்கன். அம்மாட பேர எப்பிடிச் சொல்லுவீங்க? இல்ல, சேட்டிபிக்கற்ல இரிக்கிறது எனக்குத் தெரியும். வீட்டில எப்பிடி?"

ஊருக்கும் அதே கேள்வி. ஊர்க்காரர் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே வாசிப்பார். கேட்டதையெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பார். நான் எத்தனையோ முறை சொன்னேன், எழுதியிருப்பதை எழுதியபடி வாசிப்பதுதான் முறை, ஒரு பெயருக்கு ஒரு உச்சரிப்புத்தான் இருக்க முடியும் என்று. "சேர், ஊர்ப்பேர வேற மாதிரிச் சொன்னா, செத்தது வேற ஆரோ எண்டு நினைச்சி இரிந்திருவாங்க" என்பார். வாதத்தில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அது ஒரு கொள்கை அல்ல.

பதினொரு வருடத்துக்கு முன்பு சபையை விற்றார்கள். வாங்கியவர்கள் கூரைத்தகடு செய்து விற்ற குடும்பம். ஒழுகாது என்று எழுதிக் கொடுத்து விற்றவர்கள். சபையின் பழைய கட்டடம் ஒழுகியது, ஆகவே எங்களுக்கும் நம்பிக்கை வந்தது. பெயர் நீலா ஆயிற்று. முதல் வருடம் எல்லோருக்கும் நீலக் கழுத்துப்பட்டி தந்தார்கள். சந்திரமலருக்கும் தந்தார்கள். அவர் அதைத் தேத்தண்ணீர்க் கேத்திலின் கைபிடியில் சுற்றி வைத்தார், கை சுடாமலிருக்க.

வளர்ச்சி என்றால் வளர்ச்சிதான். அதை மறுக்க நான் சின்னத்தனமானவன் அல்ல. ஒரு அலைவரிசை இருந்த இடத்தில் நீலா ஒன்று, நீலா இரண்டு, நீலா சிறுவர், நீலா பக்தி, நீலா சமையல், எண்ணி ஒன்பது. கண்ணாடிக் கட்டடம். பழைய கட்டடத்துப் பூனைகள் கூட வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. தமிழ்ச் செய்தி இருபது நிமிடத்திலிருந்து பன்னிரண்டுக்கும், பிறகு எட்டுக்கும் வந்தது. எங்கள் அறை இரண்டாம் மாடியிலிருந்து மின்பிறப்பாக்கிக்குப் பக்கத்துக்கு வந்தது. வளரும்போது இப்படிச் சில அசைவுகள் இருக்கும் என்று நான்தான் சந்திரமலரைச் சமாதானம் செய்தேன்.

அப்போதுதான் நான் ஒரு பழைய குறிப்பை மறுபடி எழுதினேன். நிர்வாகத்துக்கு, பதினான்கு பக்கம். தமிழில் எல்லா ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் தகுதியுள்ள ஒருவர் ஒருமுறை சரியாகச் சொல்லிப் பதிவு செய்து வைத்தால், வருங்கால வாசிப்பாளர்கள் கேட்டுப் பழகலாம். ஓர் உச்சரிப்பு அகராதி. சபைக் காலத்தில் மூன்று தலைவர்களுக்கு இதே குறிப்பை அனுப்பினேன். ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. நீலாவின் பொதுமுகாமையாளர் ரொஷான், முப்பத்தாறு வயது, ஒரே வாரத்தில் என்னை அழைத்து எதிரே இருத்தி, "எப்போது தொடங்கலாம்?" என்று கேட்டார். நீங்கள் என்னுடைய இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவர் என்னுடைய பதினான்கு பக்கத்தையும் வாசித்திருக்கிறார்.

தகுதியுள்ள ஒருவர் யார் என்பதில் கேள்வி எழவில்லை.

நாலு மாதம் பதிவு நடந்தது. ஊர்கள், பெயர்கள், கிழமைகள், மணிகள், மயானங்கள். 'அன்னாரின் அன்புக் கணவரும்', 'பாசமிகு தாயாரும்', எல்லாம் துண்டு துண்டாக. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். வடக்கு எனக்குத் தெரியும். கிழக்குக்குச் சந்திரமலர் தன் கொப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தார். தானாகத்தான் கொண்டுவந்தார். "நமக்குப் பிறகு வாற பிள்ளையளுக்குத்தானே சேர்" என்று. நானும் ஆம் என்றேன். அன்றைக்கு அது உண்மை என்றுதான் நினைத்தேன்.

பெண்களின் பெயர் வரிசையில் 'சந்திரமலர்' வந்தது. நான் மைக்குக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் கண்ணாடிக்கு அப்பால் இருந்து, "நல்லா வாசிங்க சேர், எனக்குத்தான்" என்றார். லயனலுக்கு விளங்கவில்லை. நாங்கள் இருவரும் சிரித்தோம். மூன்று தடவை எடுத்தோம், சிரிப்பு அடங்கவேண்டுமே.

ஆயிரத்து நூற்று நாற்பத்தேழாவது துண்டு அவருடைய ஊர். ஈச்சங்கண்டத்துவெளி. எழுத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. நான் ஈச்சம், கண்டத்து, வெளி என்று ஒவ்வோர் எழுத்தும் தெரியச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். மறுபடி சொன்னேன். ஏழு தடவை. "சேர், நீங்க சொல்லுறது ஊரில்ல, முகவரி" என்றார். பிறகு பொறுக்க முடியாமல் உள்ளே வந்து, என் தோளுக்கு மேலால் குனிந்து, அறிவித்தலில் வருகிற மாதிரியே மைக்கில் ஒருதரம் சொன்னார். 'ஈச்சங்கண்டத்துவெளியை.' ஒரே மூச்சில், வரம்பில் நடந்து வருகிறவர் யோசிக்காமல் வாய்க்காலைத் தாண்டுவது போல. லயனல் பெருவிரலை உயர்த்தினார். அவருக்குப் பசி. சாப்பிட்டுவிட்டு வந்து நான் ஒழுங்காகச் சொல்லலாம் என்று எழும்பினேன். வந்து ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டிலிருந்து தொடங்கிவிட்டோம்.

பதிவு முடிந்ததும் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். வடக்கு முழுவதையும் இரண்டு தடவை கேட்டேன். கிழக்குக்குக் கையொப்பமிட்டேன்.

இனி வருவது துரோகம். கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இதில் யார் யாருக்குச் செய்தது என்பதைப் பலபேர் மாற்றி விளங்கிக்கொள்கிறார்கள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு ரொஷான் என்னிடம் பிரிவு ஊழியர்களைப் பற்றி ஒரு மதிப்பீட்டறிக்கை கேட்டார். ஒரு பக்கம், நேர்மையாக, இரகசியமாக. நான் இரண்டு பக்கம் எழுதினேன். முதல் பக்கம் முழுவதும் சந்திரமலரைப் பாராட்டி. நேரம் தவறாமை, பணிவு, சாவீட்டாரிடம் கதைக்கும் பக்குவம், ஒன்றும் விடவில்லை. இரண்டாம் பக்கத்தில்தான், முடிவுரையில், ஒரு வாக்கியம்: 'இவருடைய பணி தற்போது பதிவுத் தொகுப்பினால் நிறைவு செய்யப்படுகிறது.' அது உண்மை. கேட்டுப் பழகுவதற்கென்று பதிந்த என் துண்டுகளைக் கணினியில் ஒட்டித்தான் அப்போது அறிவித்தல் எல்லாம் போய்க்கொண்டிருந்தது. உண்மையை நான் எழுதாமல் விட முடியுமா? ஒரே ஒரு வாக்கியம்.

அந்த மாதக் கடைசியில் அவரை நிறுத்தினார்கள்.

அவர் என் மேசைக்கு வந்தார். கேத்திலைத் துணிப்பையில் போட்டிருந்தார். ஏதாவது சொல்வார், நான் ரொஷானிடம் பேசுகிறேன் என்று சொல்லலாம் என்று காத்திருந்தேன். "கொப்பி?" என்றார். தொகுப்புக்கு இன்னும் தேவைப்படுகிறது, பிறகு அனுப்புகிறேன் என்றேன். "போறன் சேர்" என்றார். அவ்வளவுதான். பதினேழு வருடம் ஒரே விசிறிக் காற்றில் இருந்தவர்கள். பிறகு நான் இரண்டு தடவை தொலைபேசி எடுத்தேன். பதில் இல்லை. சாவீட்டுக்கெல்லாம் எடுத்துக் கதைத்தவர், என் அழைப்பை எடுக்கவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்த இரகசிய அறிக்கையை அவருக்கே காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் பக்கத்தை மட்டும். பாருங்கள் அநியாயத்தை. முதல் பக்கத்தைக் காட்டாமல் விட்டதுதான் துரோகம். அந்தப் பாராட்டை எழுத எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் எடுத்தது.

நீங்கள் வெளியே பார்க்கிறீர்கள். பரவாயில்லை. குருநாகல் வரப்போகிறது.

அதற்குப் பிறகுதான் நீலா நினைவு பிறந்தது. வெளிநாட்டில் இருக்கிற சனம் விடிய விடியப் பார்க்கிறது என்று கண்டுபிடித்தார்கள். கனடாவில், லண்டனில், பாரிஸில், ஊரில் யார் போனார்கள் என்று பார்க்க. எல்லா அலைவரிசைகளுக்குள்ளும் ஊழியரே இல்லாமல் ஓடுகிற அலைவரிசை அதுதான். உறவினர் இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பினால் போதும். பெயரைத் தெரிவு செய், ஊரைத் தெரிவு செய். மிச்சத்தை நான் வாசிப்பேன். மணிக்கு ஒருதரம், மூன்று நாளைக்கு. நாட்டில் என்னளவுக்கு நீண்டநேரம் பேசியவர் யாரும் இருக்கமாட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, சொன்னால் என்ன.

அடுத்த வருடம் என்னை நிறுத்தினார்கள்.

எனக்கும் ஒரு மதிப்பீட்டறிக்கை இருந்தது. யார் எழுதினார்களோ தெரியாது. ஒரே பக்கம், பாராட்டே கிடையாது. கடைசி வரி: 'இவருடைய பணி தற்போது பதிவுத் தொகுப்பினால் நிறைவு செய்யப்படுகிறது.' என் வாக்கியம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்திருக்கிறார்கள். நான் ரொஷானிடம் கேட்டேன், அது என்னுடைய குரல்தானே, நான் இல்லாமல் எப்படி என்று. அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "நீங்கள் எங்கேயும் போகவில்லையே, மிஸ்டர் சபாநாதன். இங்கேதான் இருக்கிறீர்கள்."

பிரியாவிடைக்குச் சந்திரமலருக்கும் அழைப்பு அனுப்பினேன். வரவில்லை. அதையும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து தினமும் நீலா நினைவைப் பார்க்கிறேன். என்னைக் கேட்க அல்ல. பிழை பிடிக்க. ஒட்டுவது கணினி, அதற்குத் தமிழ் தெரியாது. செவ்வாய்க்கிழமைக்குப் பக்கத்தில் இன்னொரு செவ்வாய்க்கிழமையை ஒட்டும், மாமனாரை மருமகனாக்கும். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு மின்னஞ்சல். போன வாரம் வரைக்கும் நூற்றுப்பன்னிரண்டு அனுப்பியிருந்தேன். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை, ஒன்றும் திருத்தப்பட்டதில்லை. நூற்றுப் பதின்மூன்றாவது மின்னஞ்சல் போன திங்கட்கிழமை பகல் அனுப்பியது.

திங்கட்கிழமை பகல் இரண்டு மணி. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். என் குரல் தொடங்கியது. திரையில் படம் வரச் சற்றுத் தாமதம், முதலில் குரல்தான். ஓர் ஊரைச் சொல்லவேண்டிய இடம். அந்த இடத்தில் என் குரல் நின்று, ஒரு பெண் குரல் வந்தது.

"ஈச்சங்கண்டத்துவெளியை."

பிறகு மறுபடி நான். "பிறப்பிடமாகவும், கொழும்பை வதிவிடமாகவும் கொண்ட, சின்னத்தம்பி சந்திரமலர்."

அப்போதுதான் படமும் வந்தது.

எத்தனை வருடமாக அந்தத் துண்டு அங்கே கிடந்திருக்கிறது. சின்ன ஊர், நாற்பது வீடு இருக்கும். அங்கிருந்து அறிவித்தல் கொடுக்க அதுவரை ஒருவரும் இருக்கவில்லை. தன் சாவை அறிவிக்கிற இடத்தில், தன் ஊரைத் தானே வந்து சொன்னார்.

அழுதேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். நான் மின்னஞ்சல் எழுதினேன். அது கை தானாகச் செய்த வேலை. 'பொருள்: துண்டு 1147இல் வேற்றுக் குரல். உடன் கவனிக்கவும்.' அனுப்பிய பிறகுதான் உட்கார்ந்து, இறந்தது யார் என்று முழுமையாக விளங்கிக்கொண்டேன்.

பின்னேரம் ஆறு மணிக்கு அவருடைய தம்பி தொலைபேசி எடுத்தார், புவனேந்திரராசா. என் எண் அக்காவின் கைபேசியில் இருந்ததாம். அழிக்கவில்லை, பாருங்கள். கனடாவிலிருந்து தங்கச்சி வரவேண்டும், அடக்கம் வியாழக்கிழமை என்றார். பிறகு சொன்னார்:

"சேர், நீங்க வாசிச்சது பெரிய காரியம். ஆனா நடுவில அக்காட குரல எடுத்து வெச்சீங்களே. எத்தின வருசமா வெச்சிருந்தீங்க? அம்மா டீவியக் கையால தடவிப் போட்டா சேர். இப்ப மணிக்கு ஒருக்கா அதக் கேக்கத்தான் முன்னால குந்தியிரிக்கா. சாப்பாடும் அங்கதான்."

நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? "அது என் கடமை" என்றேன்.

சொன்ன மறுநிமிடமே நிறுவனத்துக்கு எடுத்தேன். ஐந்து வருடத்தில் முதல்தடவை என் அழைப்பை எடுத்தார்கள். மென்மையான குரலில் ஒரு பெண். என் மின்னஞ்சல் கிடைத்தது, மிக்க நன்றி, இவ்வளவு தெளிவாக எண்ணோடு யாரும் பிழையைச் சுட்டிக்காட்டுவதில்லை, மூலப்பதிவிலிருந்தே நீக்கிவிட்டோம் என்றார். பிரதி ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். பிழையான துண்டுக்குப் பிரதி வைப்பதில்லையாம். லயனலுக்கு எடுத்தேன். ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கிறார். அவரிடமும் இல்லை. நூற்றுப்பன்னிரண்டைக் குப்பையில் போட்டவர்கள், இந்த ஒன்றைத் திருத்தினார்கள். இதைத் துரோகம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இப்போது அந்த இடத்தில் 'கிழக்கு மாகாணத்தை' என்று வருகிறது. என் குரலில். கிழக்கு மாகாணத்தைப் பிறப்பிடமாகவும். யாராவது ஒரு மாகாணத்தில் பிறப்பார்களா?

நேற்றுக் காலை புவனேந்திரராசா மறுபடி எடுத்தார். "சேர், ராத்திரியில இருந்து அக்காட குரல் வருதில்ல. டீவி பிழையோ எண்டு அம்மா பக்கத்து வீட்டுக்கும் போய்ப் பாத்திட்டு வந்திட்டா. உங்களிட்டக் கேக்கச் சொன்னா." நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். அதனால்தான் இந்தப் பஸ்.

ஹபரணையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது நீங்கள் கேட்டீர்கள், இந்தப் பையில் என்ன, மடியை விட்டு இறக்கவில்லையே என்று. இதுதான் அந்தக் கொப்பி. ஏழு வருடமாக என் அலுமாரியில் இருந்தது. பாருங்கள், ஒவ்வோர் ஊருக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு. 'மெதுவா இறக்கணும்.' 'கடைசி எழுத்தக் கடிக்கப்படாது.' 'மகன் சொன்னது பிழை, மனிசி சொன்னது சரி.' நேற்றுப் பகல் முழுவதும் வாசித்தேன். முதல்தடவையாக. பதிவு நடந்தபோது நான் ஊர்ப் பெயரை மட்டும்தான் பார்த்தேன், பக்கத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை.

சாவீட்டில் அறிவித்தலை நான் ஒருதரம் நேரில் வாசிக்கவேண்டும் என்று தம்பி கேட்டிருக்கிறார். வாசிப்பேன். அது என்னால் முடியும். மின்னஞ்சலைப் பற்றியும் சொல்லிவிடலாம் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அறிக்கையைப் பற்றி... அது இரகசிய அறிக்கை. முதல் பக்கத்தைச் சொல்லலாம். முதலாவதைச் சொன்னால் இரண்டாவதையும் கேட்பார்களோ? கேட்பார்கள். தாய் கேட்பார்.

மன்னம்பிட்டிப் பாலம் தாண்டிவிட்டோம். அதிகம் இல்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பக்கத்தைப் பாருங்கள். ஈச்சங்கண்டத்துவெளி. எழுதியிருக்கிறார், அடியில் கோடும் போட்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. அவருக்கு எதற்கு? நான் ராத்திரி முழுவதும் அவர் சொன்னதை நினைவில் தேடினேன். வாய்க்காலைத் தாண்டினது நினைவிருக்கிறது. எங்கே கால் வைத்தார் என்பது நினைவில்லை.

அந்த ஊர் உங்களுக்குத் தெரியுமா? அடுத்த ஊரில்தானா பெண் எடுத்தீர்கள்? இதை நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்கலாம். சரி, நான்தான் கேட்கவில்லை.

அப்படியென்றால் ஒருதரம் சொல்லுங்கள். வேண்டாம், எனக்காகப் பிரித்து மெதுவாகச் சொல்லவேண்டாம். எழுதியிருப்பது எனக்குத் தெரியும். வீட்டில் எப்படி?

ம்.

ஈச்சங்கண்டத்துவெளி.

இல்லையா? சரி. திருப்பிச் சொல்லுங்கள்.